எடுத்த பிறகு யார் விசாரிப்பார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை (ரத்தத்தை உண்டாக்குகிற செல்களை ஒருவரிடமிருந்து எடுத்து நோயாளிக்கு ஏற்றுவது) பற்றி முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நோயாளியின் படம், மருத்துவரின் படம், 1990-இல் இதற்காக நோபல் பரிசு பெற்ற டொனால் தாமஸின் படம்கூட இருந்தது. எல்லாம் சரி. கடைசிப் பத்திக்கு மேலே ஒரு வரி: “தானம் தருபவருக்கு ரத்தம் கொடுப்பதைவிடப் பெரிய சிரமம் இல்லை, மறுநாளே வழக்கமான வேலைகளைப் பார்க்கலாம்.”

எழுதியவர் அந்தக் கட்டிலில் ஒரு முறையாவது படுத்திருக்கிறாரா? நான் படுத்திருக்கிறேன். ரத்தப் புற்றுநோய் வந்த என் தம்பிக்குக் கொடுத்தவள் நான். நீடாமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன், அதனால் விஷயம் புரியாமல் புலம்புகிறேன் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ரத்தம் கொடுப்பது அரை மணி நேர வேலை. இது அப்படியா? முதலில் ஜிசிஎஸ்எஃப் என்று ஒரு ஊசியை நான்கைந்து நாள் தொடர்ந்து போடுவார்கள். எலும்பு மஜ்ஜைக்குள் கிடக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் இறக்கிவிடுகிற மருந்து. இரண்டாம் நாள் ராத்திரியே எனக்கு இடுப்பெலும்பு உள்ளுக்குள் விண்விண்ணென்று தெறித்தது. பாராசிட்டமாலுக்குக் கொஞ்சம் அடங்கியது. அப்புறம் இயந்திரம். ஒரு கையிலிருந்து ரத்தம் போகும், செல்லைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தை மறு கையில் திருப்பி ஏற்றுவார்கள். மூன்று மணி நேரமும் ஆகும், ஐந்து மணி நேரமும் ஆகும். அதுவரை கையை மடக்கக் கூடாது. மூக்கு அரித்தால்கூட நர்ஸைத்தான் கூப்பிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கிற சிட்ரேட் உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உதடும் விரல் நுனியும் குறுகுறுவென்று மரத்துவரும். எனக்கு வந்தது. அந்த நர்ஸ் பெண் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கால்சியம் கொடுத்தாள். மேலே தொங்கிய பையில் தக்காளி ரசம் நிறத்தில் நிறைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து ஓட வேண்டாம். பெரிய ஆபத்து அபூர்வம், எடுத்த செல்லை உடம்பு சில வாரங்களில் உண்டாக்கிக்கொள்ளும். நாளைக்கே கூப்பிட்டாலும் போவேன். ஆனால் அந்த ஊசியால் வயிற்றின் இடது பக்கமுள்ள மண்ணீரல் பெரிதாகும், அதனால் கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது. இயந்திரத்தில் எடுத்த பிறகு, ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களும் குறையும். “வழக்கமான வேலை” என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியது எதை? கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதையா? எங்கள் ஊரில் பெண்ணுக்கு வழக்கமான வேலை என்றால் தண்ணீர்க் குடம், மாட்டுக்குத் தீவனம், நாள் முழுக்கக் குனிந்து நடவு, மழை இருட்டினால் களத்து நெல்லை அள்ளி மூட்டை கட்டுவது. உங்கள் வரியை நம்பி எத்தனை மாமியார் மருமகளை மறுநாளே எழுப்பிவிட்டாரோ!

நான் மறுநாள் இரவு மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினேன். இரண்டு முழங்கையிலும் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. முன்பதிவில்லாப் பெட்டி, கம்பியைப் பிடிக்கப் பயந்துகொண்டே நின்றேன். என் கையில் ஒரு சீட்டு கிடையாது. எப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், வயிற்றின் இடது பக்கம் வலித்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், ஒன்றும் இல்லை. மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அங்கேதான் என் தம்பி பிழைத்தான். ஆனால் எடுத்த பிறகு அங்கிருந்து ஒருவர்கூட எனக்குப் போன் செய்யவில்லை. கோப்பு தம்பி பெயரில், பில் தம்பி பெயரில். நான் பையோடு முடிந்துபோனேன்.

சம்மதம் கேட்ட விதத்தையும் சொல்கிறேன். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. அண்ணனுக்கும் எனக்கும் ஹெச்எல்ஏ என்கிற பொருத்தப் பரிசோதனை செய்தார்கள். தனக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்ததும் அண்ணன் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன், அவர் மேல் குறையில்லை. எனக்குப் பொருந்தியது. உடனே ஒரே அறையில் அம்மா, அண்ணன், தம்பி மனைவி, என் வீட்டுக்காரர் எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டு, “அக்கா மாட்டேன்னா சொல்லப் போறாங்க?” என்று சிரித்தார் மருத்துவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “சாருக்கு ஆட்சேபணை இல்லையே?” என்றார். உடம்பு என்னுடையது என்பது அந்த அறையில் யாருக்கும் நினைவு வரவில்லை.

முகம் தெரியாத ஒருவருக்குப் பதிவேடு மூலம் கொடுக்கிறவர்களுக்கு என்ன முறை என்று உங்களுக்குத் தெரியாதா? சென்னையில் 2009 முதல் தாத்ரி என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடு இருக்கிறது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கொடுப்பவர்களைத் தனியாக உட்காரவைத்து விளக்க வேண்டும், அவர்கள் உடல்நிலையைப் பரிசோதித்துத் தகுதி சொல்கிற மருத்துவர் நோயாளிக்கு சிகிச்சை தருபவராக இருக்கக் கூடாது, கொடுத்த பிறகும் நலம் விசாரிக்க வேண்டும் என்று உலக அளவில் தரநிலைகள் இருக்கின்றன. இதெல்லாம் முன்பின் தெரியாதவருக்கு. சொந்த அக்காவுக்கு? பாசம் இருக்கிறதே, அது போதுமாம்.

தனியாகப் பேச வேண்டும் என்பது வீம்புக்கு இல்லை. செல்லை ஏற்றுவதற்கு முன்னால் நோயாளிக்குக் கொடுக்கிற கடுமையான கீமோ அவருடைய மஜ்ஜையையே அழித்துவிடும். அது தொடங்கிய பிறகு கொடுப்பவர் பின்வாங்கினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம் என்று படிவத்தில் அழகாக அச்சடித்திருக்கிறது. எந்த நாளைக்குப் பிறகு மறுத்தால் என்ன ஆகும் என்பதை வாயால் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

ஊருக்கு வந்தால் விடுப்புக் கூத்து. மருத்துவ விடுப்பு கேட்டேன். “உங்களுக்கு என்ன நோய்?” என்றார்கள். எனக்கு நோய் இல்லை, தம்பிக்குத்தான் என்றேன். “அப்போ தம்பிதான் லீவு எடுக்கணும்” என்று எழுத்தர் ஒரு ஜோக் அடித்தார். கடைசியில் என் ஈட்டிய விடுப்பில் கழித்தார்கள். உறுப்பு தானம் செய்கிற மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள் வரை சிறப்பு விடுப்பு என்று 2023-இல் ஆணை வந்தது. அதே 2023-இல்தான், இறந்த பின் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று நம் மாநில அரசும் அறிவித்தது. இரண்டும் நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். உயிரோடு இருந்து செல் கொடுத்தவளுக்கு மலர்வளையம் வேண்டாம், விடுப்புப் படிவத்தில் ஒரு கட்டம் போதும்.

இதையெல்லாம்கூட மறந்துவிடுவேன். மறக்க முடியாதது வேறு. தம்பிக்கு ஜிவிஹெச்டி வந்தது. கொடுத்தவரின் செல் வாங்கியவரின் உடம்பை அந்நியமென்று நினைத்துத் தாக்குவது. தோல் இறுகி, கண் வறண்டு, இன்றைக்கும் சொட்டு மருந்து இல்லாமல் வெயிலில் நடக்க மாட்டான். விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் காதுபடவே ஒரு சித்தி, “அக்கா ரத்தம் அவனுக்கு ஒத்துக்கல” என்றார். அந்த இலையில் நான் சாப்பிட்டு எழுந்தேன் என்பதே பெரிது. நான் செய்த எதனாலும் அது வரவில்லை என்று எனக்குச் சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை.

பிறகு நானே தேடிப் படித்தேன். மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையாகவே எடுக்கிற பழைய முறையும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, உறவில்லாதவர்களிடமிருந்து செல் பெற்ற நோயாளிகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த பெரிய ஆய்வு 2012-இல் வந்தது. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. நாட்பட்ட ஜிவிஹெச்டி மட்டும், ரத்தத்திலிருந்து எடுத்த செல் பெற்றவர்களில் 53 சதவீதம், மஜ்ஜை பெற்றவர்களில் 41. எங்கள் விஷயத்தில் மருத்துவர் தேர்ந்தெடுத்தது தவறென்று சொல்லவில்லை, மஜ்ஜை நோயாளியின் உடம்பில் பிடித்து வேலை செய்ய நாள் கூடுதலாகும், அவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். இரண்டு வழி இருக்கிறது என்று ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம். உங்கள் முழுப் பக்கத்திலும் அது இல்லை.

நானாவது வயது வந்தவள். தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோயுள்ள குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கொடுப்பது அண்ணனோ தங்கையோதான், அதுவும் பள்ளிக்கூடம் போகிற வயதில். அந்தக் குழந்தைக்காகப் பேச, நோயாளியின் சிகிச்சைக் குழுவில் இல்லாத ஒருவர் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2010-இலேயே சொல்லிவிட்டது. இங்கே பெற்றோர் கையெழுத்துப் போட்டால் ஆயிற்று.

அப்புறம் அந்த விளம்பரம். கட்டுரைக்கு அடியிலேயே கால் பக்கத்துக்கு, மூட்டு வலி, சர்க்கரை, ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று போட்டிருந்தீர்கள். ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்கு மட்டுமே இது நிலைபெற்ற சிகிச்சை, மற்றதெல்லாம் ஆராய்ச்சிக்குள்தான் நடக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது. மேலே அறிவியல், கீழே வியாபாரம். கர்ப்பிணிகளைப் பயமுறுத்தித் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்கிற விளம்பரமும் உங்களிடம் மாதம் தவறாமல் வருகிறது. அதையும் தனியாரிடம் சேமிக்க ஐசிஎம்ஆர் பரிந்துரைக்கவில்லை. பணம் கொடுத்தால் போடுவீர்கள், புரிகிறது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் மூட்டைகள் நனைந்தது பற்றி நான் எழுதிய கடிதத்துக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள்: குடும்பத்துக்குக் கொடுப்பவர் வேறொரு மருத்துவரிடம் தனியாகப் பேசக் கேட்கலாம், எந்த முறையில் எடுக்கிறார்கள், ஏன் என்று கேட்கலாம், எடுத்த பிறகு செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனைத் தேதியையும் அவசரத்துக்கு ஒரு போன் எண்ணையும் எழுதி வாங்காமல் கிளம்ப வேண்டாம், கொஞ்ச நாள் பாரம் தூக்க வேண்டாம். “மறுநாளே” என்ற வரிக்குத் திருத்தமும் அதே பெட்டியில் வரட்டும். இந்தமுறை கீழே மூட்டு வலி விளம்பரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைச் சுருக்கிப் போட்டாலும் சரி. என் பெயரைப் போட வேண்டாம், சித்தி உங்கள் சந்தாதாரர்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியை,
நீடாமங்கலம்.