அக்காவுக்கு, அம்மாவின் நினைவுநாளுக்கு முன்

அக்கா,

அடுத்த வாரம் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுநாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நீ கேட்ட அம்மாவின் சாம்பலைத் தருவதாக முடிவு செய்துவிட்டேன். எல்லாவற்றையும் கரைத்தாயிற்று என்று பெரியவர்கள் உன்னிடம் சொன்னார்கள். ஒரு பங்கை நான் எடுத்து வைத்தது அவர்களுக்கே தெரியாது. சிறு கலசம். என் அலமாரியில் இருக்கிறது.

இதை மாமா படிப்பார், உன் பிள்ளைகளும் படிப்பார்கள். அதனால் அந்த நாட்களில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. நான் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லார் முன்னாலும் உன்னை வெளியே போகச் சொன்னேன். உன் மனம் அதில் எவ்வளவு நொந்திருக்கும் என்று தெரியும், அதற்காக வருந்துகிறேன். ஆனால் அந்த அறையில் நடந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அம்மாவின் வாயில் குழாய். பேச முடியாது. அவளுடைய இடது கை மோதிர விரல், கதவிடுக்கில் நசுங்கி வளைந்துபோன அந்த விரல், உன் உள்ளங்கையில் இருந்தது. நீ அதை மெதுவாக நீவிக்கொண்டே, "உயிர்த்தெழும்போது இது நேராகிவிடும் அம்மா" என்றாய். பிறகு குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாய். எனக்குக் கேட்கவில்லை. அம்மா கண்களை மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் திருப்பினாள். அவள் களைத்துப் போயிருந்தாளா, மறுத்தாளா, என்னைத் துணைக்கு அழைத்தாளா? இந்த ஓராண்டில் நான் வேறு எதையும் இவ்வளவு யோசித்ததில்லை.

அந்த விரல் ஏன் நேராக வேண்டும், அக்கா? காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது வளைந்த அந்த விரல்தான். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அம்மாவின் கை என்று நமக்குத் தெரியும். உன் விவிலியத்தில் உயிர்த்த இயேசு தம் சீடர் தோமாவிடம் காட்டியது ஆணித் தழும்புகளை அல்லவா? நம்பிக்கைக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் தழும்புகள் உயிர்த்த உடலிலும் இருக்கும், அவை குறையாக அல்ல, பெருமையாகவே விளங்கும் என்றல்லவா உங்கள் புனிதர் அகுஸ்தினார் 5-ஆம் நூற்றாண்டில் எழுதினார்? குர்ஆனின் 75-ஆவது அத்தியாயத்தில், மனிதனின் விரல் நுனிகளைக்கூட மீண்டும் சீராக அமைக்க வல்லவன் இறைவன் என்று வருகிறது. அதைப் படித்தபோதும் எனக்கு இந்த விரல்தான் கண்முன் வந்தது. ஆம், எல்லாவற்றையும் தேடித் தேடிப் படித்தேன். உன்னோடு வாதாடத்தான் தொடங்கினேன். போகப்போக அம்மாவைத் தேடுவதாக ஆகிவிட்டது.

என் பக்கத்தில் எனக்கு என்ன கிடைத்தது? நைந்த ஆடையைக் களைந்து புதிய ஆடை உடுத்துவதுபோல ஆன்மா வேறு உடலுக்குப் போகிறது என்கிறது கீதை. சாவு உறங்குவது போல, பிறப்பு உறங்கி விழிப்பது போல என்கிறது குறள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றினார்கள். எனக்குத் தெரிந்தது அந்த ஆடையைத்தானே! அம்மா எங்கோ ஒரு வீட்டில் பிறந்திருந்தால், அவளை மடியில் வைத்துக்கொள்ள வேறொரு தாய் இருப்பாள். நம் பெயர்கள் அவளுக்குத் தெரியாது. இனிப் பிறவியே இல்லை என்றால், அத்வைதப்படி அம்மா என்று தனியே ஒருத்தி இல்லை. முக்தியிலும் உயிர் தனித்தே இருக்கும் என்கிறது சைவ சித்தாந்தம். ஆனால் அது இறைவனைச் சேர்ந்த உயிர். நம்மை எழுப்பிவிட வரும் அம்மா அல்ல. "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்று ஞாயிறுதோறும் சொல்கிறாயே, அதே முகத்தோடும் அதே பெயரோடும் ஒருநாள் அவளைப் பார்ப்பேன் என்ற அந்த உறுதி உனக்கு இருப்பதில் எனக்குப் பொறாமை. மறைக்காமல் சொல்கிறேன்.

அந்த உறுதியால்தானோ நீ அழவில்லை? கூட்டத்தில் பலரும் அதைக் கவனித்தார்கள். நானும்தான். இறந்துபோன நண்பர் லாசரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதாரே, அக்கா. உனக்கு ஏன் ஒரு துளி வரவில்லை?

அல்லது அது உறுதியே இல்லையோ, பயமோ. திருமுழுக்கு பெறாத அம்மா தீர்ப்பு நாளில் எந்தப் பக்கம் நிற்பாளோ என்ற பயத்தில்தான் கடைசி நேரத்தில் அவள் காதருகே குனிந்தாயா? தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ்கிறவர்களும் மீட்படையலாம் என்று உன் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1964-இல் சொல்லியிருக்கிறது. அம்மா கேள்விப்பட்டும் ஏற்காதவள் என்று நீ வாதிடலாம். உன் பூசை முடியும்வரை ஆலய வாசலில் காத்திருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள். அவளைத் தள்ளிவைக்கும் நீதியை நீயும் நம்ப மாட்டாய் என்றே நினைக்கிறேன். இயேசு காலத்து யூதர்களில், உயிர்ப்பே இல்லை என்ற சதுசேயரும் உண்டு என்ற பரிசேயரும் ஒரே ஆலயத்தில்தான் வழிபட்டார்கள்.

எரியூட்டுவதை 1963-இல் அனுமதித்த உன் திருச்சபை, சாம்பலைத் தூவக் கூடாது, புனித இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று 2016-இல் சொன்னது. நீ அன்று பிடிவாதமாகக் கேட்டதன் காரணம் அதைப் படித்தபோதுதான் விளங்கியது. என் நம்பிக்கைப்படி அந்தக் கலசத்தில் அம்மா இல்லை. இருந்தும் அதைக் கரைக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் பங்குத்தந்தை சம்மதித்ததாக அப்போதே சொன்னாய். ஏற்பாடு செய். அவர் செபிக்கும்போது நான் வாய் திறக்க மாட்டேன், விலகிப் போகவும் மாட்டேன். ஆனால் கல்லில் அம்மாவின் பெயர் இருந்தபடியே இருக்க வேண்டும். புனிதர் பெயர் எதையும் முன்னால் சேர்க்காதே. அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் காதில் என்ன சொன்னாய் என்று அன்று உன்னைக் கேட்பேன். நீ சொல்லத்தான் வேண்டும்.

உன் தம்பி