மெழுகு உறைய இரவு வேண்டுமே: வளைகுடாவில் கட்டடம் எழுப்பும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெயிலில் வைத்தால் இளகும். இளகி முடியும்வரை எண்ணெய் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் வெப்பநிலை அதிகம் ஏறாது. பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் இதுதான். இந்தக் குணத்தைச் சுவரிலும் கூரையிலும் பொதிந்து, நிலைமாற்றப் பொருள் என்ற பெயரில் விற்கிறார்கள். சரக்கில் குறையில்லை. இதற்குப் பயன்படும் பாரஃபின் மெழுகு ஒரு கிலோ உருகும்போது விழுங்கும் சூடு ஏறக்குறைய 200 கிலோஜூல். அதே சூடு 20 கிலோ கான்கிரீட்டை 10 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும்.

என் குறை வேறு. துபாயில் நான் மேற்பார்வை பார்த்த ஒரு கட்டடத்தில், உட்கூரைக்கு மேலே மெழுகுப் பொட்டலங்களை அடுக்கினோம். 27 டிகிரியில் உருகும் என்றது கையேடு. ஏசி இன்னும் ஓடத் தொடங்காத தளம் அது. ஆகஸ்டில் ஒருநாள் விடிகாலை ஏணி போட்டு ஏறி, ஒரு பொட்டலத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தண்ணீர்ப் பை போலத் தளும்பியது. உறையவே இல்லை. எப்படி உறையும்? அந்த மாதத்தில் விடியற்காலையிலும் வெளியே 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. முந்தின நாள் வாங்கிய சூட்டை இரவில் இறக்கி வைக்காத மெழுகு, மறுநாள் வெறும் எண்ணெய்ப் பைதான்.

இந்தப் பொருள் சூட்டை அழிப்பதில்லை, பகலில் வாங்கி இரவில் திருப்பித் தருகிறது. வாங்கிக்கொள்ள இரவு தயாராக இல்லாவிட்டால் கணக்கு இடிக்கும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் துபாய் இரவு 25 டிகிரிக்குக் கீழே இறங்கும். அப்போது சன்னலைத் திறந்துவிட்டாலே 27 டிகிரிச் சரக்கு உழைக்கும். கோடைக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, இரவில் ஏசியை ஓட்டி மெழுகை உறையவைப்பது. இரவுக் காற்றில் ஏசிக்கும் சிரமம் குறைவு. மற்றது, 38 டிகிரி வாக்கில் உருகும் சரக்கை மொட்டைமாடி ஓடுகளுக்கு அடியில், வெப்பக்காப்புக்கு மேலே வைப்பது. அது 30 டிகிரி இரவிலும் உறையும். அறை குளிர்ந்துவிடாது, மத்தியானச் சூடு உள்ளே இறங்குவது தாமதமாகும், அவ்வளவே.

மெழுகு எரியும் என்பதைத் தீயணைப்புத் துறை கேட்கும் முன்பே கேளுங்கள். மெழுகுக்குப் பதிலாக விற்கும் உப்பு வகை எரியாது, ஆனால் உருகி உறையும்போது உப்பும் நீரும் பிரிந்துபோகக்கூடும். அமெரிக்காவின் டோவரில் 1948இல் விஞ்ஞானி மரியா டெல்கிஸ், கிளாபர் உப்பை (நீர் சேர்ந்த சோடியம் சல்பேட்) வைத்துக் கதகதப்பாக்கிய வீடு, சில குளிர்காலங்களிலேயே முக்கியமாக இதனால் முடங்கியது.

அடுத்த டெண்டரில் 'உருகுநிலை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், அந்த மனையின் ஆகஸ்ட் மாத விடிகாலை வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அதை நிரப்பாத விற்பனையாளரின் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஏணி ஏறிப் பார்த்த ஒரு மேற்பார்வையாளன்