பிரிந்தது ஏன், போரிட்டது ஏன்: லிங்கன் விவாதத்தில் கலந்துபோன இரண்டு கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அதிபராக இருந்த ஆபிரகாம் லிங்கனைப் பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தில், அடிமைகளை விடுவிக்கவே அவர் போர் தொடுத்தார் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். சுங்கவரிக்காகவும் மாநில உரிமையை நசுக்கவும் நடந்த போர் அது, அடிமைமுறை பிற்பாடு சேர்த்துக்கொண்ட காரணம் என்கிறார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகின்றன. தென் மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து ஏன் பிரிந்தன என்பது ஒன்று. பிரிந்தவர்களை எதிர்த்து வடக்கு ஏன் போரிட்டது என்பது வேறு. முதல் கேள்விக்குத் தொடக்கம் முதலே ஒரே விடைதான். இரண்டாவதன் விடை போர் நடக்க நடக்க மாறியது.

சுங்கவரி வாதத்தைத் தேதிகளே மறுக்கின்றன. மாரில் சட்டம் எனப்படும் உயர்ந்த சுங்கவரிச் சட்டத்தில் அதிபர் புக்கானன் கையெழுத்திட்டது 1861 மார்ச் 2-ல். அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. அவற்றின் உறுப்பினர்கள் வெளியேறிய பிறகுதான் செனட்டில் அது நிறைவேறியது. தென் கரோலினா பிரிந்தது 1860 டிசம்பர் 20. அன்று நடப்பில் இருந்தது 1857-ஆம் ஆண்டின் வரிச் சட்டம். அதற்கு முந்தைய பல ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அது குறைந்த வரி. பிரிந்து நான்கு நாள் கழித்து, தாங்கள் பிரிவதற்கான உடனடிக் காரணங்களை விளக்கித் தென் கரோலினா மாநாடு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் சுங்கவரி பற்றிப் பேச்சே இல்லை. அதே மாநாடு வெளியிட்ட இன்னொரு மடலில் வரிச்சுமை பற்றிய புலம்பல் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மடல் யாருக்கு எழுதப்பட்டது? 'அடிமைமுறை உள்ள மாநிலங்களின் மக்களுக்கு' என்றே அதன் தலைப்பு சொல்கிறது.

அடுத்தது மாநில உரிமை. 'மாநில சுயாட்சி' என்ற சொல்லுக்கு நம் மண்ணில் மதிப்பு உண்டு. ராஜமன்னார் குழு காலத்திலிருந்து அதைப் பேசி வரும் நமக்கு, வாஷிங்டனை எதிர்த்து நின்ற மாநிலங்கள் என்றதும் இயல்பாகவே ஒரு பரிவு வந்துவிடுகிறது. அந்தப் பரிவை வைத்து 1860-ஐப் படித்தால் தவறாகப் புரிந்துகொள்வோம். ஏனென்றால் அந்தக் காரண அறிக்கையில் தென் கரோலினாவின் முதன்மையான குறை, வட மாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தின என்பதுதான். தப்பியவர்களைப் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்கச் சொன்ன 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வாஷிங்டனின், அதாவது மத்திய அரசின், சட்டம். பிடிபட்டவர் தம் சார்பில் சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கும் ஆணையர் 'இவர் அடிமையே' என்று தீர்ப்பளித்தால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். தப்பியவருக்கு உதவியவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். இதை வட மாநிலமான விஸ்கான்சினின் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1859-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. அப்போது மாநில உரிமை பேசியது விஸ்கான்சின். இந்தச் சட்டத்துக்கு ஒத்துழைக்காத வட மாநிலங்களைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டுத்தான் தென் கரோலினா பிரிந்து போனது.

பிரிந்தவர்கள் 1861 மார்ச் 11-ல் ஏற்ற தங்கள் அரசியல் சாசனத்தில், நீக்ரோ அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் இயற்றப்படக் கூடாது என்று எழுதினார்கள். புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளிலும் அடிமைமுறை காக்கப்பட வேண்டும் என்றார்கள். பிரிந்து போகும் உரிமையை மட்டும் எழுதவில்லை. பத்து நாள் கழித்து அவர்களுடைய துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று சவானாவில் பேசினார். போரில் தோற்ற பிறகுதான் இது சாசனத் தத்துவம் பற்றிய போர் என்ற விளக்கத்தை அவர் விரிவாக எழுதினார். இன்று நம் வாசகர்கள் சிலர் எடுத்தாள்வது அந்தப் பிந்திய விளக்கத்தைத்தான்.

லிங்கன் 1860 அதிபர் தேர்தலில் 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான வாக்குகளில் வென்றவர். ஏற்கெனவே அடிமைமுறை உள்ள மாநிலங்களில் கைவைக்க மாட்டேன், புதிய நிலப்பகுதிகளில் அதைப் பரவ விடமாட்டேன் என்பதே அவர் சொன்னது. இதற்கே ஏன் இவ்வளவு அச்சம்? 1860 கணக்கெடுப்பின்படி அடிமைகள் சுமார் 39.5 லட்சம் பேர். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். தோட்டமுதலாளிகளின் செல்வமும் கடனுக்கான ஈடும் பெரும்பாலும் அந்த மனிதர்கள்தான். புதிய மாநிலங்கள் எல்லாம் அடிமைமுறை இல்லாதவையாக வந்து சேர்ந்தால் செனட் கைவிட்டுப் போகும். பிறகு ஒருநாள் சாசனத் திருத்தமே வரும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வடக்கு போரில் இறங்கியது அடிமைகளை விடுவிக்க அல்ல. 1861 ஏப்ரல் 12-ல், தென் கரோலினாவில் ஒன்றியப் படை வைத்திருந்த சம்டர் கோட்டை மீது பிரிந்தவர்களின் குண்டு விழுந்தது. ஒன்றியத்தைக் காக்க லிங்கன் 75,000 பேரைத் திரட்டினார். மாநிலங்களின் உள்ளமைப்பில் தலையிடுவது நோக்கமல்ல என்று அந்த ஜூலையில் நாடாளுமன்றமும் தீர்மானம் போட்டது. மிசூரியில் தளபதி ஃப்ரிமான்ட் தம் பொறுப்பில் வெளியிட்ட விடுதலை அறிவிப்பை லிங்கனே திரும்பப் பெறவைத்தார். இந்த நிலையை அசைத்ததில் அடிமைகளின் பங்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1861 மே மாதம் வர்ஜீனியாவில் ஒன்றியப் படையிடம் இருந்த மன்றோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தார்கள். அங்கிருந்த தளபதி பட்லர் அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். எதிரியின் போர்ப்பொருள் என்று சொல்லி வைத்துக்கொண்டார். பின்னர் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1862 ஜூலை 22-ல், பிரிந்த மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை லிங்கன் அமைச்சர்களிடம் படித்துக் காட்டினார். ஒரு வெற்றிக்குக் காத்திருங்கள், இல்லையேல் தோற்பவனின் கூக்குரலாகத் தெரியும் என்றார் வெளியுறவு அமைச்சர் சீவர்ட். தென் படையைத் தடுத்து நிறுத்திய ஆன்டீட்டம் போர் செப்டம்பர் 17-ல் முடிந்தது. 22-ல் பிரகடனத்தின் முன்னறிவிப்பு வந்தது. 'எந்த அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன்' என்ற லிங்கனின் வரியை எடுத்துக்காட்டும் வாசகர், அது எழுதப்பட்டது ஆகஸ்ட் 22 என்பதையும், வரைவு அதற்கு முன்பே மேசையில் இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரகடனம் ஒருவரையும் விடுவிக்கவில்லை என்று தங்கள் பகுதியில் எழுதியிருந்தது தவறு. தென் கரோலினாவின் கடலோரத் தீவுகள் போல, ஒன்றியப் படை பிடித்திருந்து, பிரகடனத்தின் விலக்குப் பட்டியலில் சேராத இடங்களில் 1863 ஜனவரி 1 அன்றே ஆயிரக்கணக்கானோர் விடுதலை பெற்றார்கள். அடிமைமுறை இருந்தும் பிரிந்து போகாத டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகியவற்றுக்கு அது செல்லாததற்குக் காரணம், படைத்தலைவர் என்ற முறையில் எதிரியின் சொத்தின் மீது மட்டுமே அவருக்கு அதிகாரம் இருந்தது. ஒன்றியத்தை எதிர்த்துப் போரிடாத மாநிலத்தில் கைவைத்திருந்தால் தலைமை நீதிபதி டேனியின் நீதிமன்றம் அதைத் தள்ளியிருக்கும் என்பதே என் கருத்து. அதனால்தான் அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழித்த, சாசனத்தின் 13-ஆம் திருத்தம் தேவைப்பட்டது.

அவரைக் குறையே இல்லாதவராக்கவும் கூடாது. 1861 ஏப்ரலில் நாடாளுமன்றம் கூடாதபோதே ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தினார். அது நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்று டேனி எழுதியதை அவர் மதிக்கவில்லை. சாசனத்தைப் படித்தால் டேனி பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1862 ஆகஸ்டில் கறுப்பினப் பிரதிநிதிகளை அழைத்து, வேறு நாட்டில் குடியேறுவதே நல்லது என்று அவர்களிடமே சொன்னார். கேட்கவே வேதனையான பேச்சு அது. 1862-ல் அரசை எதிர்த்துப் போரிட்ட டக்கோட்டா பழங்குடியினர் 303 பேருக்கு விதித்த மரண தண்டனையில் பெரும்பாலானவற்றை நிறுத்தினார்; 38 பேரைத் தூக்கிலிட அவரே ஒப்புதல் தந்தார். அந்த இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

மகனின் தலைமை ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாக நம் பள்ளிகளில் கண்ணாடிச் சட்டகமிட்டு மாட்டியிருக்கும் கடிதம் அவர் எழுதியதல்ல. அதை மேற்கோளாகத் தந்திருந்த வாசகருக்காக இதைச் சொல்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விவாதத்துக்கு மீண்டும் இடம் ஒதுக்கினால், மிசிசிப்பி மாநாடு 1861-ல் வெளியிட்ட காரண அறிக்கையை முழுமையாகத் தமிழில் வெளியிடுங்கள். சிறிய அறிக்கைதான், ஞாயிறு இணைப்பின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாக ஒன்றியது, உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் அதுவே என்று அதன் இரண்டாவது பத்தி தொடங்குகிறது.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை