எண்ணியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த இதழின் மருத்துவப் பக்கத்தில், "சில நூறு குழந்தைகளுக்கு வரும் நோய்களை ஆராயப் பொதுப்பணத்தைச் செலவிட நம் நாட்டுக்கு வசதியில்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. அந்தச் சில நூறு பேரில் என் மகளும் ஒருத்தி. அவளுக்கு இருப்பது மாஸ்டோசைட்டோசிஸ். ஒவ்வாமையின்போது ரசாயனங்களைக் கொட்டும் மாஸ்ட் செல்கள் தோலிலும், சிலருக்கு உள்ளுறுப்புகளிலும் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும் அரிய நோய் அது. தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சில நூறு என்று எண்ணியது யார்? 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையே, இந்தியாவில் எத்தனை பேருக்கு இந்த மாதிரி நோய்கள் என்பதற்குப் போதிய தரவு இல்லை என்று சொல்கிறது. தாங்கள் அதைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

என் மகளுக்கு நோயின் பெயர் கிடைக்கவே வருடக்கணக்காயிற்று. கைக்குழந்தையாக இருக்கும்போதே முதுகிலும் வயிற்றிலும் பழுப்புத் திட்டுகள் வந்தன. முதலில் கொசுக்கடி என்றார்கள். அப்புறம் சொறி சிரங்கு என்று உடம்பெல்லாம் லோஷன் பூசச் சொன்னார்கள். பூசித் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு திட்டும் சிவந்து தடித்தது. அப்படித் தடிப்பதுதான் இந்த நோயின் அடையாளம். டேரியர் குறி என்று தோல் மருத்துவப் பாடத்திலேயே இருக்கிறது. அது தெரிந்த ஒரு மருத்துவரிடம் போய்ச் சேருவதற்குள், காய்ச்சலுக்கு எழுதிக்கொடுத்த ஐபுப்ரோஃபெனால் முகம் சிவந்து, மூச்சு வாங்கி, பிள்ளை துவண்டு, அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தோம். சில வலி மருந்துகள், தேனீக்கடி, சூடு, சில மயக்க மருந்துகள் என்று எது மாஸ்ட் செல்களைக் கிளறிவிட்டு, ஒவ்வாமையைக் கிளப்பும் ஹிஸ்டமினைக் கொட்டவைக்கும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அப்படி ஆபத்து வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசியைப் பள்ளியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "எங்களுக்கு எதற்கம்மா வம்பு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று தங்கள் கேள்வி-பதில் பகுதியிலும் முன்பொரு முறை வந்தது. அப்போதும் எழுதினேன். பதில் இல்லை, பிரசுரமும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பருவ வயதுக்குள் குறைந்துவிடும் என்பது உண்மைதான். மீதிப் பிள்ளைகள்? யாருக்கு மறையும், யாருக்கு உள்ளுறுப்புகள் வரை போகும் என்று உறுதியாக முன்கூட்டிச் சொல்ல ஒரு சோதனை கிடையாது. மாஸ்ட் செல்கள் வெளிவிடும் ட்ரிப்டேஸ் என்ற பொருளின் அளவை ரத்தத்தில் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். இதற்குத்தான் ஆராய்ச்சி வேண்டும் என்கிறோம்.

1869-ல் இங்கிலாந்தில் நெட்டில்ஷிப் என்ற மருத்துவர் இந்தத் தோல் நோயை முதலில் பதிவுசெய்தபோது, அவர் பார்த்த நோயாளி இரண்டு வயதுக் குழந்தை. ஆனால் இந்த நோய்க்கென்று 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மிடோஸ்டாரினும், 2021-ல் அனுமதி பெற்ற அவாப்ரிட்டினிபும் பெரியவர்களுக்கான மருந்துகள். குழந்தைகள் காத்திருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கட்டும்: 2010-ல் பிரான்சில் 50 குழந்தைகளின் தோலைச் சோதித்துத்தான், குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு மாஸ்ட் செல்களின் வளர்ச்சியை நடத்தும் 'கிட்' மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என்று காட்டினார்கள். வெறும் ஐம்பது பிள்ளைகள்! அந்த ஐம்பது பேரைத் தேடிச் சேர்க்க யாரோ பணம் கொடுத்தார்கள்.

இங்கே கொள்கையின் பட்டியலில் உள்ள நோய்களுக்கு, 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. நல்ல விஷயம். ஆனால் பட்டியலில் ஏற ஆதாரம் வேண்டும். ஆதாரத்துக்கு ஆய்வு வேண்டும். ஆய்வுக்குப் பணம் கேட்டால், ஆட்கள் குறைவு என்று தங்களைப் போன்ற மதிப்புமிக்க இதழே எழுதுகிறது. அதைப் படித்துவிட்டு எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? வருடம்தோறும் பிப்ரவரிக் கடைசியில் அரிய நோய் தினத்துக்கு மட்டும் எங்கள் பிள்ளைகளின் படம் தங்களுக்குத் தேவைப்படுகிறது. என் மகளின் படத்தையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் போட்டீர்கள். அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்த வரியைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுங்கள். கூடவே கால் பக்கம் ஒதுக்கி, தேய்த்தால் தடிக்கும் பழுப்புத் திட்டுகள் குழந்தைக்கு இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லியும், வலி மருந்து கொடுப்பதற்கும் அறுவை சிகிச்சைக்கும் முன் அதை மருத்துவரிடம் தெரிவிக்கச் சொல்லியும் போடுங்கள். படம் வேண்டுமானால் மறுபடியும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருச்சிராப்பள்ளி.