படம் கிடைத்தது, அம்மிணி

அம்மிணிக்கு அப்பா எழுதுவது.

போனில் தட்டித் தட்டி எழுத எனக்கு ஆகவில்லை. பேப்பரில் எழுதித் தம்பியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவன் படிக்க மாட்டான். படித்தாலும் பரவாயில்லை.

ஸ்டார் ட்ரெக் டிவி தொடரில் வருகிற எண்டர்பிரைஸ் விண்கப்பலைக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருக்கிறாயே, அதில் நீ அனுப்பிய படம் செவ்வாய்க்கிழமை ராத்திரி 11.30 மணிக்கு வந்தது. முழித்துக்கொண்டுதான் இருந்தேன். எஞ்சின் குழாயின் முன்னால் இருக்கும் குமிழ் இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது. கூடவே அனுப்பிய வீடியோவை அம்மா தூங்கின பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இறக்கைகள் மெதுவாகச் சுற்ற, பின்னால் சின்னச் சின்னக் கலர் பல்புகள் விட்டு விட்டு எரிகின்றன. அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் போடும் பல்பையும் ஒரு மோட்டாரையும் பனி பிடித்த கண்ணாடிக் குமிழுக்குள் வைத்தே அதைச் செய்துவிட்டார்கள் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஒரு கப்பலை விண்மீன்களுக்கு நடுவே ஓட்டும் எஞ்சினுக்கு இருபது ரூபாய் சீரியல் பல்பு போதும் என்று ஒருவன் நினைத்தான் பார், அவனைப் பாராட்ட வேண்டும்.

ராத்திரி 11.30 என்றால் உனக்கு மதியம் 2 மணி. லஞ்ச் நேரத்தில் அனுப்பியிருப்பாள் என்று அம்மா சொன்னாள். இருக்கும். அதற்கு முந்தின வாரம் வந்தவையும் எல்லாம் அதே மாதிரி நேரம்தான். முன்பெல்லாம் வேலை நாளில் நாங்கள் கூப்பிட்டால் "மீட்டிங்ப்பா" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். சரி, ஆபீஸில் இப்போது வேலை கொஞ்சம் குறைவாக இருக்கலாம். நல்லதுதான். நேரத்துக்குச் சாப்பிடு.

2017ல் நாங்கள் வந்திருந்தபோது வாஷிங்டன் வான்வெளி மியூசியத்துக்கு எங்களைக் கூட்டிப்போனாயே, அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? தலைக்கு மேலே லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டின விமானம் தொங்குகிறது. பக்கத்தில் நிலாவில் இறங்குகிற கூண்டு நிற்கிறது. நீயோ நிஜமாகப் பறந்ததையெல்லாம் விட்டுவிட்டு, ஒருநாளும் தரையை விட்டு எழும்பாத ஒரு மரக் கப்பலைப் பார்க்க ஓடினாய். எண்டர்பிரைஸ். எனக்கு அந்தத் தொடரும் தெரியாது, கதையும் தெரியாது. அம்மா கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து, "ஒரு தட்டில் மூணு சுரைக்காயைக் குத்தி வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள். நீ கோபித்துக்கொண்டாய். ஆனால் உண்மையைச் சொன்னால் அவள் சொன்னது தப்பில்லை.

எனக்கு அதைப் பிடித்துப்போனது வேறு காரணத்துக்கு. அதைச் செய்தவன் நம் ஜாதி. வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்கிற பேட்டர்ன்காரன் ஜாதியைச் சொல்கிறேன். மேட் ஜெஃப்ரீஸ் வரைந்து கொடுத்ததை ரிச்சர்ட் டேட்டினும் கூட இருந்தவர்களும் 1964 டிசம்பரில், கலிபோர்னியாவில் பர்பேங்க் என்ற ஊரில் ஒரு பட்டறையில் முடித்தார்கள் என்றாய். 11 அடிக்கு மேலே நீளம், எடை 90 கிலோ. பாப்லர் மரம், உருட்டிய தகட்டுக் குழாய், சூடு பண்ணி அச்சில் உறிஞ்ச வைத்த பிளாஸ்டிக். நான் அந்த அடிவயிற்றுப் பகுதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தை அடுக்கி ஒட்டி, சுற்றிச் சீவி, அந்த வளைவைக் கொண்டுவருவது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். ஆறு அங்குல பம்பு கேசிங்குக்கே நாங்கள் என்ன பாடுபடுவோம். இன்றைக்கு நீ ஒரு கோட்டை வரைந்து அச்சில் சுற்றிவிட்டால் அடிவயிறு வந்துவிடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. உன் கப்பலுக்கு எடையே கிடையாது என்பது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வட்டத் தட்டின் விளிம்பு தடிமனாக இருக்கிறது. போட்டோவை வைத்து அளவெடுத்திருப்பாய். நம் பட்டறைக்கு வந்த எந்த டிராயிங்கையும் எடுத்துப் பார், மூலையில் "டூ நாட் ஸ்கேல்" என்று எழுதியிருக்கும். படத்தின் மேல் ஸ்கேலை வைக்காதே, எழுதியிருக்கிற எண்ணை மட்டும் எடு என்று அர்த்தம். நேராகப் பார்த்து எழுதின டிராயிங்குக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், லென்ஸ் வழியாக வளைந்து வந்த போட்டோவுக்கு என்ன சொல்வது? கிட்டே இருக்கும் விளிம்பு பெருத்துத்தான் தெரியும். மியூசியத்துக்காரர்கள் அளந்த எண் கிடைத்தால் அதைப் போடு. கிடைக்காத இடத்தில், ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கோணத்துப் படத்துக்குப் பொருந்துகிறதா என்று பார். உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

கலர் சரியாக இருக்கிறது. கொஞ்சம் பச்சை கலந்த சாம்பல். பழைய வண்ணம் எது என்று அவர்கள் கண்டுபிடித்த விதத்தை நீ சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நானே போய்க் கண்டுபிடித்த மாதிரி. பாரமவுண்ட் கம்பெனி 1974ல் கொடுத்ததிலிருந்து அதை மூன்று தடவை பழுது பார்த்து மேலே மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ரொம்ப நாள் மியூசியத்துக் கடைக்குள்ளே, கீழ்த் தளத்தில், பொம்மையும் பனியனும் விற்கிற இடத்தில் கிடந்திருக்கிறது. 2014ல் இறக்கி, எக்ஸ்ரே எடுத்து, அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்து, 2016ல் திரும்ப வைத்தார்கள். தட்டின் மேல்பாகத்தை மட்டும் எந்தக் காலத்திலும் யாரும் தொடவில்லை, பென்சில் கோடுகூட அப்படியே இருந்தது, மற்ற இடத்துக்கெல்லாம் அதை வைத்துத்தான் கலர் சேர்த்தார்கள் என்றாய். தொடாமல் விட்டவன் புண்ணியவான்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். இடது பக்கத்துக்கு மிரர் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். ஒரே சொடுக்கில் வலது பக்கம் அப்படியே இடது பக்கத்துக்கும் வந்துவிட்டது, நம்பரை மட்டும் திருப்பிப் போட வேண்டும் என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை அம்மிணி.

நீ செய்வது தொடரில் ஓடுகிற கப்பலா, ஸ்டுடியோவில் நின்ற மாடலா? கப்பல் என்றால் இரண்டு பக்கமும் ஜன்னல் வேண்டும். 947 அடிக் கப்பலில் ஒரு பக்கத்து ஆட்களை மட்டும் இருட்டில் உட்கார வைக்க முடியாது. ஆனால் 1967 ஆகஸ்டில் நின்ற மாடலைத்தான் செய்கிறேன், மியூசியத்துக்காரர்கள் பழுது பார்க்கும்போது கணக்காக வைத்துக்கொண்ட மாதமும் அதுதான், பென்சில் கோடு முதற்கொண்டு வரும் என்று என்னிடம் சொன்னவள் நீ. அந்த மாடலில் விளக்குப் போட்டபோது ஒயரெல்லாம் இடது பக்கம் வழியாகத்தான் உள்ளே போனது. அந்தப் பக்க ஜன்னலுக்கு விளக்கு கிடையாது. அதனால்தானே படம் பிடித்ததெல்லாம் வலது பக்கத்திலிருந்து? கப்பல் மறுபக்கம் போக வேண்டுமென்றால் எழுத்தைத் திருப்பி ஒட்டிப் படம் பிடித்து, அப்புறம் பிலிமைத் திருப்பிப் போட்டார்கள் என்று நீதான் சொல்லிச் சிரித்தாய். 79 எபிசோட், மூன்று வருஷம், பார்த்தவர்கள் யாருக்கும் தெரியாது.

கேமராக்காரனுக்கு அதை மறைக்க வேண்டியிருந்தது. உனக்கு என்ன? ஒயர் போகிற பக்கத்தை அப்படியே செய். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் நான் பார்க்கிறேன். நம் பட்டறையில் எத்தனை பேட்டர்னுக்குப் பின்பக்கம் ஆணியும் பசையுமாகத்தான் இருக்கும், நீ சின்னப் பிள்ளையாக அதற்குள் உட்கார்ந்துதானே விளையாடினாய்.

சரி, வேறு என்ன. எதிர் வீட்டுப் பையன் டெக்ஸாஸில் இருந்தானல்லவா, அவனுக்கு வேலை போய்விட்டதாம். அங்கே 60 நாளுக்குள் வேறு வேலை பிடிக்காவிட்டால் விசா செல்லாது, கிளம்ப வேண்டியதுதான் என்று அவன் அப்பா சொன்னார். முதல் நாற்பது நாள் பையன் வீட்டில் வாயே திறக்கவில்லை. கடைசியில் தெரிந்தபோது அவர் திட்டவெல்லாம் இல்லை. டிக்கெட் போடவா என்றுதான் கேட்டார். செய்தியாகச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. இங்கே காலைப் பேப்பரிலும் அந்த மாதிரிதான் வருகிறது, ஒவ்வொரு கம்பெனியாக. உன் கம்பெனி பேர் இருக்கிறதா என்று அம்மா பார்ப்பாள். நான் பார்ப்பதில்லை.

கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டுகிற சி.என்.சி. மெஷின் வந்து நம் பட்டறை ஆர்டரெல்லாம் நின்ற வருஷம் எப்படி ஓட்டினோம் என்று உனக்கே தெரியும். அம்மா வளையல், பீளமேட்டுச் சித்தப்பா, எல்லாம். நீ அப்போது பிளஸ் ஒன். ஒரு ஆள் சம்பாதிக்காமல் இருந்ததால் இந்த வீட்டில் யாரும் யாரையும் குறைவாகப் பார்க்கவில்லை.

உன் படத்தைக் கணபதி ஏரியாவில் சி.என்.சி. வைத்திருக்கும் பையனிடம் காட்டினேன். பெருமை அடித்துக்கொள்ளவில்லை, அவன்தான் போனை வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "அக்காவுக்குச் சர்ஃபேஸ் வேலை இவ்வளவு வருமாங்க அண்ணா" என்றான். பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் பிளேடுக்கு இந்த மாதிரி வளைவு போட இங்கே ஆள் கிடைக்கவில்லையாம், ஒரு மாடலுக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தயாராம். உனக்கு அதெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும், அதைச் சேர்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அதை நான் சொல்லித் தருவேன்.

ஆயுத பூஜைக்கு நீ போன் எடுக்கவில்லை. பரவாயில்லை. பழைய லேத்துக்கும் ரம்பத்துக்கும் பொட்டு வைக்கும்போது நீ வீடியோவில் இருப்பாய், இந்த வருஷம் இல்லை. அம்மா பொரியைப் போட்டு வைத்துக்கொண்டு ஒன்பது மணி வரை காத்திருந்தாள். எனக்கு அதில் கோபம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு கப்பலுக்குப் பென்சில் கோடு வரைய நேரம் இருக்கிறவளுக்கு இரண்டு நிமிஷம் பேச நேரம் இருக்கும். பேசினால் ஏதாவது கேட்டுவிடுவோம் என்று நினைக்கிறாயோ என்னவோ. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்போம்.

மேல் வீட்டில் குடியிருந்தவர்கள் காலி பண்ணிவிட்டார்கள். வாடகைக்கு மூன்று பேர் வந்து கேட்டார்கள், இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். வெள்ளை அடிக்க வேண்டும். அந்த வடக்கு ஜன்னல் ஓரம் பெரிய மேஜை போடுகிற அளவு இடம் இருக்கிறது, பிளக் பாயிண்ட் மட்டும் கூட வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். உன் கம்ப்யூட்டருக்கு எத்தனை வாட் வேண்டும் என்று எழுது, அதற்குத் தகுந்த ஒயர் இழுக்கலாம். நீ லீவுக்கு வந்தால் உபயோகப்படும்.

பாங்கில் போட்டிருந்த டெபாசிட் அடுத்த மாதம் முடிகிறது. திரும்பப் போடவில்லை. கையில் இருக்கட்டும். உன் பழைய அக்கவுண்ட் நம்பர் அதேதானா?

நேரத்துக்குச் சாப்பிடு. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்காதே, முதுகு போய்விடும், என்னைப் பார்த்தாயல்லவா. ராத்திரி கண் முழிக்காதே. ஞாயிற்றுக்கிழமை இந்திய நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு நானே கூப்பிடுகிறேன். உனக்குக் காலை ஒன்பதரை. எடு.

அப்பா

அம்மா எழுதச் சொன்னது: பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தயாராக இருக்கிறதாம். அனுப்புவதா, நீ வந்து எடுத்துக்கொள்வாயா என்று கேட்கிறாள்.