இரண்டு சோதனையும் ‘நார்மல்’ என்றால் சிறுகுடலை யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய இரைப்பைக் குடல் மருத்துவ, அறுவைத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். வாய்வழியே செய்யும் வழக்கமான எண்டோஸ்கோப்பி முன்சிறுகுடலைத் தாண்டாது என்பதும், ஆசனவாய்வழியே செய்யும் கொலோனோஸ்கோப்பி பின்சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு மேல் ஏறாது என்பதும் தாங்கள் அறியாததல்ல. இடையில் பல மீட்டர் நீளக் குடல் பார்க்கப்படாமலே இருக்க, இரண்டு சோதனையும் ‘நார்மல்’ என்ற தாளை நம்பி, இரத்தசோகை தீராத என் அக்காவுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் இரத்தமும் ‘நன்றாகச் சாப்பிடுங்கள்’ என்ற அறிவுரையுமே மாறி மாறிக் கிடைத்தன. ஸ்கேனில் குடல்சுவர் தடித்துத் தெரிந்ததும், பயாப்சி என்னும் திசுச் சோதனை இல்லாமலே காசநோய் மருந்து தொடங்கப்பட்டது. காசநோய் மிகுந்த நாட்டில் அந்த ஐயம் நியாயமானதே; மருந்து உட்கொண்டும் எடை இறங்கிக்கொண்டே போனபோது யாரும் மறுபடி யோசிக்காததுதான் நியாயமில்லை.

குடல் முற்றிலும் அடைபட்ட பிறகு, நள்ளிரவில் அவசர அறுவை நடந்தது. இடைச்சிறுகுடலில் இருந்தது அடினோகார்சினோமா என்னும் புற்று. அன்று உயிரைக் காத்த மருத்துவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அடைபட்ட துண்டை மட்டுமே அகற்ற முடிந்ததால், நோயியல் அறிக்கையில், புற்று பரவியதா என்று காட்டும் நிணநீர்க் கணுக்கள் இரண்டே உள்ளன. இப்புற்றில் குறைந்தது 8 கணுக்களையாவது ஆராய வேண்டும் என்று தங்களுக்கு நான் சொல்வது முறையன்று. அவ்விரண்டில் புற்று இல்லை என்று ஆறுதல் கொள்வதா, எடுக்கப்படாதவற்றை எண்ணி அஞ்சுவதா, கீமோ தேவையா என்பதற்குப் புற்றுநோய் மருத்துவராலேயே உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. முன்பே கண்டறிந்திருந்தால், குடலைத் தாங்கும் மடிப்போடு கணுக்களையும் சேர்த்தெடுக்கும் திட்டமிட்ட அறுவையாக அது அமைந்திருக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: இரண்டு சோதனையிலும் காரணம் தெரியாமல் இரத்தசோகை தொடருமானால், சிறுகுடலைப் பாருங்கள். குடல் சுருங்கியிருக்கும் என்ற ஐயமிருந்தால், விழுங்கிப் படமெடுக்கும் கேமரா கேப்சூல் உள்ளே சிக்கிக்கொள்ளக்கூடும். அங்கே சிறுகுடலுக்கான ஸ்கேனாகிய சிடி என்டெரோகிராபி முதலில் வரட்டும். சிறுகுடலின் ஆழம்வரை சென்று பயாப்சி எடுக்க உதவும் இரட்டைப் பலூன் எண்டோஸ்கோப்பியை ஜப்பானிய மருத்துவர் ஹிரோனோரி யமமோட்டோ 2001-லேயே உலகுக்கு அறிவித்துவிட்டார். புதுக் கட்டடங்களுக்கு நாடா வெட்ட நேரமிருக்கும் நாட்டில், அந்தக் கருவி மாவட்டங்களை எட்டுவதற்கு மட்டும் நல்ல நாள் அமையவில்லை போலும்.

‘மிக அரிதான நோய்’ என்று எங்களிடம் கூறப்பட்டது. செரிமானப் பாதைப் புற்றுகளில் இது நூற்றுக்கு 5-க்கும் குறைவு என்பது உண்மைதான். அந்தக் கணக்குக்குள் வந்து விழுந்தது அக்காவின் குற்றம் போலும்! கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள்க. சிறுகுடலைப் பார்க்கும் வசதி தங்களிடம் இல்லாவிடில், அது உள்ள மருத்துவமனைக்கு, குடல் அடைபடும்வரை காத்திராமல், பரிந்துரைக் கடிதம் எழுதித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் தம்பி