கட்டையை விற்றுவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

தானே புயலில் விழுந்த தாத்தாவின் பலா மரத்துக் கட்டையை விற்றுவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரி, அப்புறம்?" என்பாய், அதற்கு என்னிடம் பதில் இருக்காது. அதனால் எழுதுகிறேன். பெரியம்மா வீட்டில் இதைப் படிப்பார்கள், சித்தப்பாவுக்கு யாராவது போனில் காட்டுவார்கள், தெரியும். ஆகவே பத்திர விஷயம் இங்கே கிடையாது. கட்டை விஷயம் மட்டும்.

வாங்கியவர் பண்ருட்டிக்காரர், மிருதங்கத்துக்குக் கட்டை கடைபவர். தார்ப்பாயை விலக்கி, உட்கார்ந்து, உளியால் கொஞ்சம் செதுக்கிப் பார்த்தார். "வெளிக்கட்டை போயிடுச்சும்மா, உள்ள வைரம் அப்படியே இருக்கு" என்றார். இரண்டு முனையிலும் வெடிப்பு விட்டதை அறுத்துத் தள்ளிவிட்டால் மிச்சம் தேறுமாம். 24 அங்குலக் கட்டை ஆண் குரலுக்கு, 22 அங்குலம் பெண் குரலுக்கு, நீளம் குறைந்தால் சுருதி ஏறும் என்று விளக்கினார். நம் மரம்தான் மிருதங்கத்துக்குப் போகிறது என்று சின்ன வயதில் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தோமே, நம் வீட்டில் யாராவது ஒரு கச்சேரிக்குப் போயிருக்கிறோமா?

உன் பங்கை உன் கணக்கில் போட்டிருக்கிறேன். தயவுசெய்து திருப்பி அனுப்பாதே. அனுப்பினால் நீ பெரிய மனுஷி, நான் காசுக்கு அலைகிறவள் என்று ஆகிவிடும். போதும் அந்த விளையாட்டு.

இப்போது ஏன் என்று கேட்பாய். 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்ததே, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. அது ஓய்ந்தது என்று மூச்சுவிடுவதற்குள் தென்பெண்ணை கரை மீறி, எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. பாப்பா தன் சர்டிபிகேட் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நான் கொல்லையில் கட்டைக்கு அடியில் செங்கல் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் கோபப்படவில்லை. "அம்மா, அடுத்த புயலுக்கும் இதைத்தான் மொதல்ல காப்பாத்துவியா?" என்று சும்மா கேட்டாள். என் வீட்டுக்காரருக்கும் கொல்லையில் கொட்டகை போட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வாய் திறந்து கேட்டதே இல்லை, அதுவும் ஒரு தினுசு உறுத்தல்தான்.

இதோ டிசம்பர் 30 வருகிறது. நம் பக்கத்தில் கல்யாணம், சாவு, கடன் எல்லாவற்றுக்கும் "தானேக்கு முன்னாடியா, அப்புறமா" என்றுதான் இன்னமும் கேட்கிறார்கள். 2011இல் விடியற்காலை ஒரு சில மணி நேரத்தில் முடிந்துபோன விஷயம். அந்த இரவைப் பற்றி நான் உனக்குச் சொன்னதையே சொல்லி உன் காது புளித்திருக்கும். ஆனால் நீ வந்த அன்றைக்கு நடந்ததை நாம் பேசியதே இல்லை.

சாலையில் விழுந்த மரங்களை அறுத்து வழிவிட்ட பிறகு நீ வந்தாய். கையில் தண்ணீர் கேன், மெழுகுவத்தி, பாப்பாவுக்கு ரொட்டி. அப்பா, தாத்தா வைத்த அந்தப் பெரிய மரத்தின் வேர்க்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. நீ அழுவாய் என்று காத்திருந்தேன். நீ மரத்தைச் சுற்றி வந்தாய், அரிவாளை எடுத்தாய், அடிமரத்தில் காய்த்திருந்த பிஞ்சுகளை அறுத்தாய். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து தோல் சீவினாய். பால் உன் சுடிதார் எல்லாம் வடிந்தது. கேஸ் இல்லை என்றேன், அப்படியாவது நிறுத்துவாய் என்று. தோப்பு முழுக்க விழுந்துகிடந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெறகுக்கா பஞ்சம்?" என்றாய்.

அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நான் எவ்வளவு கெஞ்சியும் ஒரு வாய் கஞ்சி குடிக்காத மனுஷன், உன் பொரியலை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் தொடவில்லை. அன்று மாலை பஸ் ஏற்றிவிட வந்தபோது உன்னிடம் சொன்னேனே, அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். அதற்காக மன்னித்துக்கொள். மன்னிப்பு கேட்கும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: ஓடு பறந்த வீட்டில், கரண்ட் இல்லாத இருட்டில், அப்பாவோடும் கைக்குழந்தையோடும் இருந்தவள் நான். நீ ஒரு வேளை சமைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய். சிரிக்க வைத்த பேர் உனக்கு.

சவுக்கு போடச் சொன்னதும் நீதான். பலா கன்று வைத்துக் காய்க்கும்வரை அப்பா என்ன சாப்பிடுவார் என்று நீ கேட்டபோது எனக்கு எரிந்தது. பலாத் தோப்பில் சவுக்கா என்று ஊரில் ஒருவரிடம்கூடப் பேசவில்லை நான். நாலு வருஷத்தில் வெட்டிய அந்தச் சவுக்குப் பணம்தான் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆயிற்று. நீ அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தது யார் என்று நானும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

சுனாமி நினைவு நாளன்று தேவனாம்பட்டினம் போயிருந்தேன். கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூ போடுகிறார்கள், பிள்ளையைக் கொடுத்தவர்கள் மணலில் விழுந்து அழுகிறார்கள். அந்தக் கடலுக்குத்தான் மறுபடியும் போட் தள்ளுகிறார்கள். வேறு எங்கே போவார்கள்? எனக்குப் போனது மரம். அதை யாரோடும் ஒப்பிட எனக்கு வாய் வரவில்லை, வீட்டுக்கு வந்ததும் பண்ருட்டிக்காரருக்குப் போன் செய்தேன்.

வண்டியில் ஏற்றும்போது பாப்பா வீடியோ எடுக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். கொல்லையில் கட்டை கிடந்த இடத்தில் ஈரமும் மரவட்டையும்தான் மிச்சம். அவர் கொட்டகைக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத் தூங்கினேன். அதில்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

தோப்பில் சவுக்கு வெட்டிய பக்கம் சும்மா கிடக்கிறது. பாலூர் ஒட்டுப் பலாக் கன்று வைக்கலாம் என்று இருக்கிறேன், இடையில் மல்லாட்டை (நிலக்கடலை). அப்பாவுக்காக இல்லை, தாத்தாவுக்காகவும் இல்லை. ஒட்டுக் கன்று சீக்கிரம் காய்க்கும், விலை கிடைக்கும், அவ்வளவுதான். நீ சொன்ன மாதிரியே கணக்குப் போடுகிறேன், சந்தோஷமா?

பொங்கலுக்கு வா. பத்திரத்தையும் அப்போதே பேசி முடித்துவிடலாம். மாமாவும் வரட்டும், ஆனால் பேச்சை அவர் ஆரம்பிக்க வேண்டாம்.

உன் தங்கை